ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா: அட்டவணையில் இருக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கொடைக்கேமரா (அம்பாசமுத்திரம்)

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாணம், சடங்கு. பங்குனி, சித்திரை, ஆடியில் கோவில் கொடை. எடுப்பதும் எடிட் செய்வதும் நான்தான்.

இப்போது ஓடும் கம்ப்யூட்டர்: ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைன் போட்டாலே மூச்சு வாங்குகிறது. கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றலாம் என்று இருக்கிறேன். கைக்கு எட்டும் விலையில் என்விடியா கம்பெனியின் இரண்டுதான் நிற்கின்றன. ஒன்று 12 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060, இன்னொன்று 8 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060.

இரண்டின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

3060: 3584 கூடா கோர் (கணக்குப் போடும் அலகு), பூஸ்ட் (உச்ச கிளாக்) 1777 மெகாஹெர்ட்ஸ், 12.74 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு), 192 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்), நொடிக்கு 360 ஜிபி பேண்ட்வித் (மெமரியிலிருந்து தரவு வரும் வேகம்), 3 எம்பி எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி), 170 வாட்.

4060: 3072 கூடா கோர், பூஸ்ட் 2460 மெகாஹெர்ட்ஸ், 15.11 டெராஃப்ளாப்ஸ், 128 பிட் பஸ், நொடிக்கு 272 ஜிபி, 24 எம்பி எல்2 கேஷ், 115 வாட்.

ஒரு வரியில் இது மேலே, அடுத்த வரியில் அது மேலே. கடையில் கேட்டால் "புதுசையே எடுங்க" என்கிறார்கள். என் வேலைக்கு இதில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குற்றாலச்சாரல் (தென்காசி)

4060-ஐ எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 3060 வந்தது 2021 பிப்ரவரியில், 4060 வந்தது 2023 ஜூனில். டெராஃப்ளாப்ஸ் 18, 19 சதவீதம் கூட. 1080பி கேம்களிலும் ஏறக்குறைய அதே அளவு வித்தியாசம்தான் வருகிறது. அதாவது அட்டவணை சொன்னது திரையிலும் தெரிகிறது. அதுவும் 55 வாட் குறைத்துக்கொண்டு! வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று வகுத்துப் பார்த்தால் 4060 ஒன்றே முக்கால் மடங்கு. சித்திரை வெயிலில் ஸ்டுடியோ அறைக்குள் உட்கார்ந்து ரெண்டர் போடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

---

பாளை டீச்சர் (பாளையங்கோட்டை)

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும் தம்பி.

டெராஃப்ளாப்ஸ் என்பது யாரும் அளந்து பார்த்த எண் இல்லை, ஒரு பெருக்கல். கோர் எண்ணிக்கை × 2 × கிளாக். நடுவில் 2 ஏன் என்றால், ஒரு கோர் ஒரு கிளாக்கில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்தே முடிக்கும். அதை இரண்டு கணக்காக எண்ணுகிறார்கள். 3584 × 2 × 1.777 என்று போடுங்கள், 12,737 வரும். 3072 × 2 × 2.46 போட்டால் 15,114. முன்னதுதான் 12.74, பின்னது 15.11. கோர் குறைந்தும் 4060 முந்துவதற்குக் கிளாக் மட்டுமே காரணம். 3060 சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது, 4060 சிப் டிஎஸ்எம்சியின் 4என் முறையில் செய்தது. அந்த மாற்றம்தான் கிளாக்கை ஏற்றியது, வாட்டைக் குறைத்தது.

பேண்ட்வித்தும் பெருக்கல்தான். பஸ் அகலம் × மெமரி வேகம் ÷ 8. 192 × 15 ÷ 8 = 360. 128 × 17 ÷ 8 = 272.

இரண்டுமே உச்சவரம்பு. எல்லாக் கோரும் ஒரு கிளாக்கைக்கூட வீணாக்காமல் ஓடினால் டெராஃப்ளாப்ஸ். மெமரிக் கம்பி ஒரு நொடிகூடச் சும்மா இருக்காவிட்டால் பேண்ட்வித். உண்மையான வேலை எதுவும் இரண்டையும் ஒரே நேரத்தில் முட்டாது. ஒன்றில்தான் முட்டி நிற்கும். எதில் முட்டுகிறது என்பதுதான் கேள்வி.

அதற்கும் ஒரு கணக்கு உண்டு, ரூஃப்லைன் என்பார்கள். டெராஃப்ளாப்ஸைப் பேண்ட்வித்தால் வகுங்கள். 3060-க்கு 35 வருகிறது, 4060-க்கு 55-க்குச் சற்று மேல். மெமரியிலிருந்து எடுத்த ஒரு பைட்டை வைத்துக்கொண்டு 35 கணக்குக்கும் குறைவாகவே செய்கிற வேலை என்றால் இரண்டு கார்டிலும் கோர்கள் தரவுக்காகக் காத்துக் கிடக்கும். அங்கே 360 உள்ளவர் ஜெயிப்பார். 55-க்கு மேல் போனால் மெமரி பிரச்சினையே இல்லை, 15.11 உள்ளவர் ஜெயிப்பார். இரண்டும் சமமாகிற இடம் ஏறக்குறைய 47. கேஷை விட்டுவிட்டுச் சொன்ன கணக்கு இது.

---

குற்றாலச்சாரல்

டீச்சர், கேஷை விட்டால் எப்படி? 4060-இன் மொத்தக் கதையே அந்த 24 எம்பிதானே. என்விடியாவே 272 என்று போட்டுவிட்டு, பக்கத்தில் 453-க்குச் சமம் என்று எழுதியிருக்கிறது.

---

பாளை டீச்சர்

விடவில்லை, தனியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அம்பாசமுத்திரத்துக்காரருக்குக் கன்னடியன் கால்வாய் தெரியும். கால்வாய் குறுகலாக இருந்தாலும் வயலுக்குப் பக்கத்தில் பெரிய குளம் இருந்தால் பயிர் வாடாது. ஆனால் குளம் கொள்கிற அளவுக்குள் தேவை இருக்கும் வரைக்கும்தான் அது. 4060-க்குக் கால்வாய் குறுகல், குளம் 3060-ஐப் போல் 8 மடங்கு. கேம்களில் ஒரே டெக்ஸ்சரை, ஒரே பஃபரைத் திரும்பத் திரும்பத் தொடுவார்கள், அதனால் குளத்திலேயே நிறையக் கிடைத்துவிடுகிறது. அந்த 453 இந்த மாதிரி வேலைகளை வைத்துச் சொன்ன எண். ரெசல்யூஷன் ஏற ஏறக் கேஷில் கிடைப்பது குறையும். 1080பி-யில் தெரிகிற வித்தியாசம் 4கே-யில் சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிசால்வ் என்ன செய்கிறது? ஒரு 4கே ஃப்ரேமில் 82.9 லட்சம் பிக்சல். ரிசால்வ் உள்ளே 32 பிட் ஃப்ளோட்டில் கணக்குப் போடுகிறது. பிக்சலுக்கு நான்கு சேனல் என்று வைத்தால் 16 பைட். ஒரு ஃப்ரேம் 133 எம்பி! 24 எம்பி குளத்தில் ஒரு ஃப்ரேம்கூட நிற்காது. ஒரு எஃபெக்ட் முழு ஃப்ரேமையும் படித்து முழு ஃப்ரேமையும் எழுதினால் 265 எம்பி போக்குவரத்து. இதற்கு 3060 எடுப்பது 0.74 மில்லி நொடி, 4060 எடுப்பது 0.98. ஆக, உங்கள் வேலைக்கு அந்த 453-ஐ நம்பி இறங்காதீர்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கிடுங்க. நம்ம ஊர் வீடியோ நொடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லி நொடி நேரம் இருக்கிறது. பத்து எஃபெக்ட் அடுக்கினாலும் ஒன்று 7.4, மற்றது 9.8 மில்லி நொடி. இரண்டுமே தாராளமாகத் தாண்டிவிடும். உங்களிடம் இப்போது இருக்கும் 1660 சூப்பருக்கே பேண்ட்வித் 336, அதாவது 4060-ஐவிட அதிகம். அது திணறுகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். திணறும்போது திரையில் என்ன செய்தி வருகிறது?

---

வண்ணார்பேட்டை சர்வீஸ் (திருநெல்வேலி)

டீச்சர் சொன்னதை நடைமுறையில் பார்க்க வேண்டுமா? 3060-இலேயே இரண்டு வகை இருக்கிறது. 2022 கடைசியில் 8 ஜிபி 3060 என்று ஒன்றை விட்டார்கள். அதே 3584 கோர், அதே 1777 கிளாக், அதே 12.74 டெராஃப்ளாப்ஸ். பஸ்ஸை மட்டும் 128 பிட்டாக வெட்டினார்கள். பேண்ட்வித் 360-இலிருந்து 240-க்கு இறங்கியது. கேஷும் கூட்டவில்லை. கேம்களில் 12 ஜிபி கார்டைவிடத் தெளிவாகப் பின்தங்குகிறது. டெராஃப்ளாப்ஸ் மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளை.

பெட்டியின் மேல் "3060" என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்னால் உள்ள சின்ன எழுத்தைப் படிக்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு. பாவம், கடன் வாங்கி எடுத்த கார்டு. விற்கிறவர் வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இன்னும் போகவில்லை.

இதைவிடப் பழைய உதாரணம் ஜிடி 1030. இரண்டு வகைக்கும் 384 கோர். ஜிடிடிஆர்5 போட்டது நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 போட்டது 16.8. பெயரில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

அப்புறம், கேள்வி கேட்டவரின் மதர்போர்டு பி450. அதில் கார்டு சொருகும் பிசிஐஇ ஸ்லாட் 3.0 தலைமுறை. 4060-இல் எட்டு லேன்தான், அதாவது எட்டுத் தரவுப் பாதைதான் இணைப்பு. 3.0-இல் எட்டு லேன் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி. 3060 பதினாறு லேன், அதே போர்டில் 16 ஜிபி கிடைக்கும். இந்த வரியைப் பலரும் பார்ப்பதே இல்லை.

---

குற்றாலச்சாரல்

அண்ணாச்சி, லேன் விஷயத்தை ரொம்பப் பெரிதாக்க வேண்டாம். பழைய போர்டில் 4060 போட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. பெரும்பாலான கேம்களில் சில சதவீதம்தான் குறைகிறது.

---

வண்ணார்பேட்டை சர்வீஸ்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. விரேமுக்குள், அதாவது கார்டின் சொந்த மெமரிக்குள் எல்லாம் அடங்குகிற வரைக்கும் அது உண்மை. 8 ஜிபி நிறைந்துவிட்டால் மிச்சம் கம்ப்யூட்டர் ரேமுக்குப் போகும். அங்கிருந்து எடுத்துவர ஒரே வழி அந்த பிசிஐஇ ஸ்லாட். கார்டுக்குள் 272 ஜிபி வேகத்தில் வந்துகொண்டிருந்த தரவு இப்போது 8 ஜிபி வேகத்தில் வரும். 8 ஜிபி விரேம், எட்டு லேன், 3.0 போர்டு. தனித்தனியாக ஒவ்வொன்றும் பரவாயில்லை. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார்.

---

கொடைக்கேமரா

டீச்சர் கேட்டதற்கு. கல்யாண வீடியோவில் பெரிய தொல்லை இல்லை. கொடை வீடியோவில்தான். சாமக்கொடை நடுராத்திரியில் நடக்கும். தீப்பந்தமும் தூரத்து டியூப் லைட்டும்தான் வெளிச்சம். சாமியாடுகிறவர் மேல் லைட் அடிக்க எனக்கு மனசு வராது, ஊர்க்காரர்களும் விட மாட்டார்கள். ஐஎஸ்ஓ ஏற்றித்தான் எடுக்க வேண்டும். பிறகு இருட்டில் வரும் புள்ளிகளை நீக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டே தீர வேண்டும். அதைப் போட்டதும் "ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது" என்று வந்து எக்ஸ்போர்ட் நின்றுவிடுகிறது.

கேமரா சோனி, நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 4:2:2 10 பிட்டில் எடுக்கிறேன். டைம்லைனில் கிளிப்பைப் போட்டு ஓட விட்டால் அதுவே தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. இதற்கும் கார்டுதானே காரணம்?

---

கல்லிடை எடிட்டர் (கல்லிடைக்குறிச்சி)

இப்போதுதான் உண்மையான கேள்விக்கு வந்திருக்கிறோம். இரண்டு நோய், இரண்டு மருந்து. சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் தடுக்கி ஓடுவது. எச்.264, எச்.265 முறையில் சுருக்கிய 4:2:2 10 பிட் கோப்புகளைப் பிரித்துக் காட்டும் வசதி 3060-இலும் இல்லை, 4060-இலும் இல்லை. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. இன்டெலில் 11-ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் எச்.265 4:2:2-வைப் பிரிக்கும். உங்கள் ரைசன் 3600-இல் உள் கிராபிக்ஸே கிடையாது. ஆக அந்தச் சுமை முழுவதும் பிராசசர் தலையில். இந்த இரண்டு கார்டில் எதை வாங்கினாலும் அது மாறாது. வழி என்ன? எடிட்டுக்கு மட்டும் லேசான நகல், அதாவது ப்ராக்ஸி செய்துகொள்ளுங்கள், அல்லது ரிசால்விலேயே உள்ள ஆப்டிமைஸ்டு மீடியா. மண்டபத்திலிருந்து வந்ததும் இரவு ஓட விட்டுத் தூங்கினால் காலையில் தயாராக இருக்கும். எடிட் வெண்ணெயாக ஓடும்.

இரண்டாவது, மெமரி நிறைவது. நாய்ஸ் ரிடக்‌ஷனில் டெம்போரல் வகை முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களைச் சேர்த்து வைத்து ஒப்பிடுகிறது. டீச்சர் கணக்குப்படி ஒரு ஃப்ரேம் 133 எம்பி. ஐந்து ஃப்ரேம் பிடித்து வைத்தாலே 660 எம்பி. அதற்கு மேல் அசைவுக் கணக்குக்கான இடைநிலை பஃபர்கள், கலர் நோடுகள், முன்னோட்டத் திரை, விண்டோஸ் தன் பங்குக்கு எடுப்பது. உங்களிடம் இருப்பது 6 ஜிபி. 8-க்குப் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம், 12-க்குப் போனால் நிம்மதி. இந்த இடத்தில் 12.74-ஆ 15.11-ஆ என்ற பேச்சே எழவில்லை. வேலை நடக்கிறதா, நின்றுவிடுகிறதா என்பதுதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 3060 12 ஜிபி.

---

பொருநைமாணவன் (திருநெல்வேலி)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கல்லூரியில் இறுதியாண்டு, புராஜெக்ட்டுக்கு சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியைச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். 4060-க்கு 242 ஏஐ டாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடி ஏஐ கணக்கு) என்று போட்டிருக்கிறது, 3060-க்கு டென்சர் கணக்கு 102. இரண்டு மடங்குக்கும் மேல் என்றால் எனக்கு 4060-தானே சரி?

---

பாளை டீச்சர்

இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அந்த இரண்டு எண்ணும் ஒரே அளவுகோலில் அளந்தவை இல்லை. 102 என்பது 16 பிட் கணக்கு, 242 என்பது 8 பிட் கணக்கு. பிட் பாதியானால் எண்ணிக்கை இரட்டிக்கும். 4060-ஐயும் 16 பிட்டில் வைத்துப் பார்த்தால் 121. அப்போது 102-க்கு 121, அதே 19 சதவீதம். அதிலும் இரண்டு எண்ணுமே, மாதிரி கற்று வைத்திருக்கும் எண்களில், அதாவது எடைகளில், பாதி பூஜ்யம் என்று வைத்துத் தாண்டிப்போகும் சலுகையைச் சேர்த்துச் சொன்னவை. சாதாரண மாதிரிக்கு அந்தச் சலுகை கிடைக்காது, பாதிதான்.

உன் வேலைக்கு டாப்ஸைவிட முக்கியமான கணக்கு வேறு. மாதிரி ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் தன் எடைகள் முழுவதையும் மெமரியிலிருந்து ஒரு தடவை படிக்கிறது. 700 கோடி எடைகள் உள்ள மாதிரியை 4 பிட்டுக்குச் சுருக்கினால் ஏறக்குறைய 4 ஜிபி. 360-ஐ 4-ஆல் வகுத்தால் நொடிக்கு 90 துண்டு, 272-ஐ வகுத்தால் 68. இதுதான் உச்சவரம்பு, நடைமுறையில் இரண்டும் இதற்குக் கீழேதான் நிற்கும். டாப்ஸ் கூட உள்ள கார்டு இங்கே பின்தங்குகிறது, கவனித்தாயா? 1300 கோடி எடை மாதிரி என்றால் சுருக்கிய பிறகும் 7, 8 ஜிபி. 8 ஜிபி கார்டில் உரையாடலை வைத்துக்கொள்ள இடம் இருக்காது.

அதே சமயம், நீண்ட கேள்வியை மாதிரி முதலில் வாசிக்கும் கட்டத்தில் ஒரே எடையை நூற்றுக்கணக்கான துண்டுகளுக்குச் சேர்த்துப் பயன்படுத்தும். அங்கே கணக்குச் சக்திதான் பேசும், 4060 முந்தும். ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டு கட்டம், இரண்டு வெற்றியாளர்.

---

குற்றாலச்சாரல்

சரி, வீடியோ நாய்ஸுக்கும் மாதிரி ஓட்டவும் 12 ஜிபி என்பதை ஏற்கிறேன். ஆனால் படிக்கிறவர்கள் 4060 மோசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏவி1 என்ற புது முறையில் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் 4060-இல் இருக்கிறது, 3060-இல் இல்லை. கேமில் இடை ஃப்ரேம்களைக் கார்டே உருவாக்கும் டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷனும் அப்படித்தான். 1080பி கேம் மட்டும் ஆடுகிற தம்பிமார் யாராவது என்னிடம் கேட்டால் இன்றைக்கும் 4060-ஐத்தான் சொல்வேன்.

ஈபி கணக்கும் பாருங்கள். 55 வாட் வித்தியாசம், தினம் ஆறு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் இரண்டு மாதப் பில்லில் 20 யூனிட். வீட்டு இணைப்பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறவர்களுக்கு அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

---

கல்லிடை எடிட்டர்

நியாயமான பேச்சு. ஏவி1 மட்டும் எங்கள் தொழிலுக்கு இப்போதைக்கு உதவாது. கல்யாண வீட்டார் பென் டிரைவை டிவியில் சொருகிப் பார்ப்பார்கள். எல்லா டிவியிலும் ஓட வேண்டும் என்றால் எச்.264-தான் கொடுக்க முடியும். யூடியூபுக்கு மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய பலம்.

---

பொருநைமாணவன்

நன்றி டீச்சர். இன்னொரு சந்தேகம். ஏஎம்டி கம்பெனியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7600-க்கு 21.75 டெராஃப்ளாப்ஸ் என்று பார்த்தேன். அப்படியானால் இந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட வேண்டுமே?

---

பாளை டீச்சர்

சாப்பிடாது. 7600-இல் 2048 ஷேடர் (ஏஎம்டியில் கோருக்கு இந்தப் பெயர்), கிளாக் 2655. 2048 × 2 × 2.655 போட்டால் 10.9 தான் வரும். அந்தத் தலைமுறையில் ஒரே கிளாக்கில் இரண்டு கட்டளையைச் சேர்த்து விடலாம் என்று இன்னொரு இரண்டால் பெருக்குகிறார்கள். அதனால் 21.75. அப்படிச் சேர்கிற கட்டளைகள் நிஜ வேலையில் எப்போதாவதுதான் அமைகின்றன. இதற்கு முந்திய 6650 எக்ஸ்டி-க்கு 10.79. கேம்களில் இரண்டுக்கும் நடுவே இருப்பது சின்ன இடைவெளிதான், இரண்டு மடங்கு இல்லை.

என்விடியா பக்கமும் இது நடந்திருக்கிறது. 2060-க்கு 6.45, 3060-க்கு 12.74. ஆனால் 3060 இரண்டு மடங்கு வேகமாக ஓடவில்லை. 20 வரிசையில் முழு எண் கணக்குக்குத் தனிப் பாதை இருந்தது. 30 வரிசையில் அந்தப் பாதையையும் தசமக் கணக்குக்குத் திறந்துவிட்டு, எல்லாவற்றையும் கோர் என்று எண்ணினார்கள். கேம்களில் நூறு தசமக் கட்டளைக்கு 36 முழு எண் கட்டளை வரும் என்று என்விடியாவே முன்பு சொன்னது; அந்த 36-ம் இப்போது அதே கோர்களில் இடம் பிடிக்கும்.

3060, 4060 இரண்டுக்கும் கோர் அமைப்பு ஒரே மாதிரி. அதனால்தான் இந்த ஜோடிக்கு 12.74, 15.11 என்று வைத்துப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. தலைமுறையோ நிறுவனமோ தாண்டினால், முதலில் கோர் என்று எதை எண்ணுகிறார்கள் என்று கேள்.

---

கொடைக்கேமரா

இவ்வளவு நேரம் எடுத்து எழுதிய எல்லாருக்கும் நன்றி. 5060 வந்துவிட்டதே, அதை எடுக்கலாமா என்று ஒரு நினைப்பு இருந்தது. அதில் 4:2:2 பிரிக்கும் வசதியும் 448 ஜிபி பேண்ட்வித்தும் இருந்தாலும் மெமரி அதே 8 ஜிபி, எட்டு லேன். என் கொடை வீடியோ நிற்பது மெமரியில். அதனால் 3060 12 ஜிபி என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணக் கிளிப்புகளுக்கு இன்றிலிருந்தே ப்ராக்ஸி.

சர்வீஸ் அண்ணாச்சி, கடைசியாக இரண்டு கேள்வி. என் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 550 வாட், 1660 சூப்பருக்கு ஒரு 8 பின் கனெக்டர் போட்டிருக்கிறேன். அது போதுமா? கார்டு வந்ததும் 12 ஜிபி-தான் என்று எப்படி உறுதி செய்வது?

---

வண்ணார்பேட்டை சர்வீஸ்

550 வாட் நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் என்றால் தாராளம், என்விடியா சொல்வதும் அதே அளவுதான். 3060 கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு 8 பின் போதும். வாங்கும் மாடலில் எத்தனை கனெக்டர் என்று மட்டும் படத்தில் பாருங்கள். கேபினெட்டில் நீளம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிட்டுப் போங்கள், மூன்று ஃபேன் மாடல் நீளமாக இருக்கும். யுபிஎஸ் 600 விஏ என்றால் அது தாங்குவது 360 வாட் அளவுக்குத்தான். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் உடனே நிறுத்திவிடுங்கள்.

சரிபார்க்க ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருள் போதும். மெமரி 12288 எம்பி என்றும் பஸ் விட்த் 192 பிட் என்றும் காட்ட வேண்டும். 128 என்று காட்டினால் அது 8 ஜிபி வகை, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேண்ட்வித் 360 ஜிபி என்று இருக்க வேண்டும். பஸ் இன்டர்ஃபேஸ் வரியில் சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டும், பயப்பட வேண்டாம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சின்ன ரெண்டர் ஓட விட்டால் பதினாறு லேன், 3.0 என்று மாறும். எட்டு என்று நின்றால் கார்டு ஸ்லாட்டில் முழுசாக உட்காராமல் இருக்கலாம். கழற்றி, ரப்பரால் கோல்டு பின்னை மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.